பஸ் யாருக்கு நிற்கும்?

உள்ளூர்ப் பத்திரிகைத் தொழிலில் உள்ள பெரிய கஷ்டம், நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் மறுநாள் காலையில் உங்களுக்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்பதுதான். பட்டணத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் மந்திரியைப் பற்றி எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிப்பார்கள். நாங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி மில்காரரைப் பற்றி எழுதிவிட்டு டீக்கடைக்குப் போனால், அதே பெஞ்சில் அவருடைய மச்சான் உட்கார்ந்து நமக்கும் சேர்த்து டீ சொல்லியிருப்பார். குடிக்காமல் வரவும் முடியாது, குடித்துவிட்டு உண்மையைச் சொல்லவும் முடியாது. இந்த அவஸ்தையை அனுபவித்தவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையட்டும்.

நான் இந்த வேலைக்கு வந்தது இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால். சாலைக்கு சாலை மரத்தை வெட்டிப் போட்டிருந்த சமயம். பல்கலைக்கழகத்தை மறு அறிவிப்பு வரும்வரை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எம்.ஏ. முதல் வருஷத்தைப் பாதியில் விட்டு, பெட்டியோடு வடக்கனந்தலுக்கு வந்து சேர்ந்தேன். கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான் என்பது என் கட்சி. அதை அப்பாவிடம், அண்ணனிடம், பால்காரரிடம் என்று வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் நிரூபித்துவிட்டேன். பத்தே நாளில் அப்பாவே கள்ளக்குறிச்சியில் அச்சகம் வைத்து வாரப் பத்திரிகை நடத்திய தன் நண்பரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டார். நாலு பக்கப் பத்திரிகை. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆசிரியர் இன்னும் நன்றாக இருக்கிறார், படிப்பார்.

ஆசிரியர் வகுத்த இலக்கணம்

எனக்குக் கொடுத்த வேலை, இரண்டாம் பக்கத்தில் வாரம் ஒரு பிரமுகரின் வாழ்க்கையை எழுதுவது. பகுதியின் பெயர் 'மறக்க முடியாத மனிதர்'. பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். மீசை, மீசை, மீசை. நடுவில் ஒரு மீசை இல்லாதவர், அவரும் சாமியார். ஒரு பெண்கூட இல்லை. முதல் நாளே ஆசிரியரிடம் போய், பிரமுகர் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள், நிலமா, பதவியா, சாதியா என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. இந்தக் கேள்விக்காகவே பல வருஷம் காத்திருந்தவர்போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிலம் விற்றுப்போகும், பதவி தேர்தலில் போகும், அதையெல்லாம் நம்பி எழுத முடியாது என்றார். அவருடைய அளவுகோல் ஒன்றே ஒன்று. பஸ் நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்க, அவரைப் பார்த்ததும் டிரைவர் தானாகப் பிரேக்கில் கால் வைத்தால் அவர் பிரமுகர். கை காட்டினால் பாதிப் பிரமுகர். கை காட்டியும் நிற்காவிட்டால் சந்தா கட்டும் வாசகர். புதுப் பெயர் யாராவது சொன்னால், ஆசிரியர் அந்த வழி கண்டக்டரிடம் விசாரித்துவிட்டுத்தான் எழுதச் சொல்வார். இது என்ன அநியாயம், எங்கள் அம்மா நிறுத்தத்தில் நின்றாலே டவுன் பஸ் ஐம்பது அடி தள்ளிப்போய்த்தான் நிற்கிறது, இந்தக் கணக்கில் எந்தக் காலத்தில் ஒரு பெண் பிரமுகர் ஆவது என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"பஸ்ஸு நிக்கட்டும்மா, நான் போடறேன். ஆம்பளையா பொம்பளையான்னு நானா பாக்கறேன்? டிரைவரு பாக்கறாரு."

எல்லோரும் பிறந்த குடும்பம்

எங்கள் கம்போசிட்டர் ஜெயராமன் அண்ணன், ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்க்கிறவர். நான் எழுதிக் கொடுத்த முதல் வாழ்க்கை வரலாறு அச்சாகி வந்ததும் எனக்கு மயக்கம் வராத குறை. 'எளிய குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே பொதுத்தொண்டில் நாட்டம் கொண்டு' என்று ஆரம்பித்தது. நான் அப்படி எழுதவில்லை. அவர் பிறந்த வீட்டில் மூன்று கிணறும் ஒரு யானைத்தந்தமும் இருந்ததை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதியிருந்தேன்.

அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். அந்த முதல் பாரா மொத்தமும் கோர்த்து, நூல் கட்டி, தனியாக வைத்திருந்தது. வாரா வாரம் அதைத் தூக்கி வைத்து, கீழே புதுப் பெயரைச் சேர்ப்பாராம். ஆரம்பத்தில் ஒருவருக்காகக் கோர்த்ததாம். அடுத்தவரும் அதையே கேட்டாராம். எங்கள் பகுதிப் பிரமுகர்களில் பாதிப்பேர் ஒரே குடும்பத்தில் பிறந்த கதை இதுதான். கலைத்துவிடுங்கள் அண்ணே, பொய்யை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றேன். அவர் தட்டைப் பத்திரமாக உள்ளே தள்ளினார்.

"கலைக்கலாம் பாப்பா, வேற மாதிரி குடும்பத்துல பொறந்தேன்னு எவனாவது ஒருத்தன் சொல்லட்டும்."

சிறை சென்றவர்

போராட்டம் எங்கள் பகுதிக்கு ஒரு புது விளைச்சலைக் கொடுத்தது. அதுவரை எல்லோரும் வள்ளலாக இருந்தார்கள். அதன்பிறகு எல்லோரும் தியாகி ஆனார்கள். ஒரு அரிசி மில் முதலாளி, தன் வாழ்க்கைக் குறிப்பில் 'சிறை சென்ற செம்மல்' என்று கட்டாயம் வரவேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். நானும் விசாரித்தேன். மறியல் செய்தவர்களோடு காலையில் அவரையும் போலீஸ் வேனில் ஏற்றியது நிஜம். கொண்டுபோய் வைத்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதம் போட்டார்கள். மின்விசிறியின் கீழே தூங்கியிருக்கிறார். சாயங்காலம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். முந்தைய நாள் கல்யாணத்தின் 'நல்வரவு' பலகையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

இதைச் சிறை என்று எழுத மாட்டேன் என்றேன். நிஜமாகவே சிறைக்குப் போய், இன்னும் வழக்குக்கு அலைந்துகொண்டிருக்கிற ஏழைப் பையன்களுக்கு அது அவமானம் என்றும் சொன்னேன். ஒரு மணி நேரம் வாதம். கடைசியில் அவர் தோற்றார் என்றுதான் நான் நினைத்தேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பினார்.

"கதவ வெளிப்பக்கமா பூட்டுனாங்களா இல்லியா? அது ஜெயிலா மண்டபமான்னு உள்ள கெடந்தவனுக்குத்தாம்மா தெரியும், நீ எங்கருந்து பாத்த?"

கறுப்புக் கட்டம்

கச்சிராயபாளையத்தில் தர்மலிங்கம் என்று ஒரு கரும்பு விவசாயி. கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற நல்ல நிலம். அவருக்கு பஸ் நிற்பது மட்டுமல்ல, அவர் வேட்டியைச் சரிசெய்து முடிக்கும்வரை காத்தும் நிற்கும். அவருடைய வாழ்க்கையை எழுதினேன். படம் கேட்டால், பிரமுகர்கள் யாரிடமும் மாலை இல்லாத படமே இருக்காது. பாராட்டு விழாவில் ரோஜா மாலையோடு எடுத்ததைக் கொடுத்தார். அதை அச்சில் வைக்க உலோகத் தகட்டில் பிளாக் செய்து வாங்கினோம். படத்தைச் சுற்றிப் போடுகிற மெல்லிய கோட்டுக்கான ஈயப் பட்டை, அதாவது ரூல், முழுவதும் அந்த வாரம் கல்யாணப் பத்திரிகைகளுக்குள் போயிருந்தது. முகூர்த்த மாதம். ஜெயராமன் அண்ணன் இருந்ததை வைத்துச் சமாளித்தார். இருந்தது தடித்த கறுப்பு ரூல்.

இப்போது நீங்களே மனக்கண்ணில் பாருங்கள். கழுத்தில் மாலை. சுற்றிலும் விரல் தடிமனில் கறுப்புக் கட்டம். மேலே 'மறக்க முடியாத மனிதர்' என்று தலைப்பு. பத்திரிகை வெள்ளிக்கிழமை காலை போனது. மத்தியானத்துக்குள் அவர் வீட்டு முன்னால் பந்தல்காரர் கம்பு இறக்கிவிட்டார். சின்னசேலத்திலிருந்து சம்பந்தி வீட்டார் அழுதுகொண்டே வந்து இறங்க, செத்தவர் கட்டிலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்தபோது ஆசிரியர் அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டு, இந்த வாரமே மறுப்புப் போடுகிறோம் என்றேன். மனுஷன் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"இந்த வாரமே போட்டுடாத கண்ணு. அழுதுகினு வந்தவன் யாரு, சும்மா வந்தவன் யாருன்னு இப்பதான் எனக்குத் தெரியுது. இன்னும் ரெண்டு மருமவன் வரணும்."

இரண்டு செய்தி, இரண்டும் தப்பு

அதே வாரம் ஒரு மலைக்காரப் பெண் அலுவலகத்துக்குள் வந்தார். பெயர் வெள்ளையம்மா. வெள்ளிமலைக்கும் அந்தப்பக்கம் ஒரு சின்ன ஊர், சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம். கரும்பு வெட்டுக் காலத்தில் தர்மலிங்கம் நிலத்துக்கு ஆட்களைக் கூட்டிவருகிறவர். கக்கத்தில் பிரிக்காத கோடித் துணி இருந்தது. செத்தவருக்குப் போர்த்துவதற்கு வாங்கியது. உயிரோடு இருப்பவருக்குப் போர்த்த முடியாமல் திரும்பக் கொண்டுபோகிறார்.

வெள்ளிமலை டீக்கடையில் எங்கள் பத்திரிகையைப் பார்த்தார்களாம். தர்மலிங்கம் போய்விட்டார் என்று ஊரே அழுதது. அதே பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்கு நேர் கீழே, 'போராட்டம் ஓய்ந்தது, பேருந்துகள் வழக்கம்போல் ஓடுகின்றன' என்று ஒரு செய்தி. டீக்கடைக்காரர் அதையும் படித்துச் சொன்னார். மறியல் நாட்களில் மலையடிவாரத்தில் ஒரு கல் வந்து கண்ணாடியை உடைத்ததிலிருந்து வெள்ளிமலைக்கும் அவர்கள் ஊருக்கும் பஸ் வருவதில்லை. சரி, மறுபடி விட்டுவிட்டார்கள் என்று நம்பி, ஊரில் பாதிப்பேர் கோடித் துணியோடு உச்சி வெயில் வரை பஸ்ஸுக்கு நின்றார்கள். வரவில்லை. பிறகு குறுக்குப் பாதையில் இறங்கிக் கச்சிராயபாளையம் வரை நடந்தார்கள். வயசானவர்கள் இரண்டு பேர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். நடந்து வந்து பார்த்தால் செத்தவர் எல்லோருக்கும் சாப்பாடு போடச் சொல்கிறார்.

பஸ் செய்தியை எழுதியவர் ஆசிரியர். டிப்போவில் சொன்னதை அப்படியே போட்டிருந்தார். வெள்ளையம்மா சத்தம் போடவில்லை. எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். ரொம்ப நியாயமான ஒரு யோசனை சொல்கிறவர்போலத்தான் சொன்னார்.

"நீங்க செத்தாருன்னு போட்டீங்க, அவரு உசுரோட கீறாரு. பஸ்ஸு ஓடுதுன்னு போட்டீங்க, ஓடல. ஒண்ணு பண்ணுங்க. பஸ்ஸு ஓடலன்னு போட்டுடுங்க, அது ஓடிடும்."

முதலில் எதைக் கோர்ப்பது

அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது. பல வருஷத்துக்கு முன்னால் பஸ் வெள்ளிமலை வரைக்கும்தான் வந்துகொண்டிருந்தது. மேலே நீட்டக் கேட்டபோது, வண்டி திரும்புவதற்கு இடம் இருந்தால் விடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மலையில் சமமான இடம் என்றால் அது யாருடையதோ ஒருவருடைய சோறு. யாரும் கொடுக்கவில்லை. வெள்ளையம்மா, சாமை விதைத்துவந்த தன்னுடைய மேட்டுக் கொல்லையை பஸ் திரும்புவதற்கு என்று விட்டிருக்கிறார். ஊரே சேர்ந்து கல் பொறுக்கிச் சமன் செய்தது. அன்றிலிருந்து அந்தக் கொல்லையில் விதைப்பு இல்லை. இப்போது பஸ்ஸும் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவரைப் போடாமல் வேறு யாரைப் போடுவது என்று ஆசிரியரிடம் நின்றேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: இந்தம்மாவுக்கு பஸ் நிற்குமா? பஸ்ஸே வராத ஊரில் பஸ் எப்படி சார் நிற்கும் என்றேன். வரட்டும், நிற்கட்டும், போடலாம் என்றார். இவரைப் பற்றி எழுதினால்தான் பஸ் வரும் சார் என்றேன். இதே வட்டத்தில் நாங்கள் இருவரும் அரை மணி நேரம் சுற்றினோம். எழுத்துப் பெட்டி முன்னால் குனிந்திருந்த ஜெயராமன் அண்ணன் தலையைத் தூக்காமலே குறுக்கிட்டார்:

"சாரு கணக்குப்படி பஸ்ஸு வந்தாத்தான் இந்தம்மா பெரிய ஆளு. பாப்பா கணக்குப்படி இந்தம்மா பெரிய ஆளானாத்தான் பஸ்ஸு. ரெண்டுல எத மொதல்ல கோக்கறதுன்னு சொல்லிட்டுச் சண்ட போடுங்க."

காலியாகக் கிடந்த கொல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்மாவோடு மலைக்குப் போனேன். வீட்டில் ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டுத்தான். கச்சிராயபாளையத்தில் ஜீப் நிரம்புவதற்காக உட்கார்ந்திருந்தோம். ஜீப் நிரம்புவது என்றால் என்ன என்பதை ஏறிப் பார்த்தவர்கள் அறிவார்கள். டிரைவருக்கு உட்கார இடம் போதாதபோதுதான் அது நிரம்பியதாகக் கணக்கு. உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து வெள்ளிமலை போய், அங்கிருந்து நடந்தோம். வழியில், கீழே விடுதியில் தங்கிப் படித்த இரண்டு பெண்கள் பஸ் நின்றதிலிருந்து வீட்டோடு இருப்பதாக வெள்ளையம்மா சொன்னார். கல்லூரியில் யாருக்கு எத்தனை இடம் என்று நாங்கள் மேடை போட்டு வாதம் செய்கிறோம். பள்ளிக்கூடம் வரை போய்ச் சேரவே வழியில்லாதவர்கள் எங்கள் வாதத்தில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. எனக்கே என்மேல் கோபம் வந்தது. அபூர்வமான கோபம், எதிராளி இல்லாததால் சீக்கிரம் அடங்கவுமில்லை.

ஊரைச் சுற்றி எல்லாக் கொல்லையும் உழுது, மழை வாங்கி, சாமை முளைவிட்டிருந்தது. நடுவில் இது ஒன்று மட்டும் மொட்டையாக, இறுகிப்போய், பழைய சக்கரத் தடம் வட்டமாகத் தெரியக் கிடந்தது. ஊரில் சிலர் அவரை பஸ்ஸுக்குக் காவல்காரி என்று கேலி செய்கிறார்களாம். அவருடைய வீட்டுக்காரர் சடையன் மூலையில் ஏரை வைத்துக்கொண்டு, என்னை நியாயம் சொல்ல வந்தவளாக நினைத்து வழக்கை எடுத்துவைத்தார். போன வருஷமும் இந்தக் கொல்லையில் ஒன்றும் விளையவில்லை. கீழ்க்கொல்லை ஒன்று மட்டும் பத்தாது. வெள்ளையம்மா மறுத்தார். ஏர் ஓட்டிவிட்டால் தடம் அழியும், நாளைக்கே எவராவது வந்து பார்த்துவிட்டு இங்கே திரும்ப இடமே இல்லையே என்று எழுதிக்கொண்டு போவார்கள், அந்தச் சாக்கை நாமாகக் கொடுக்கக்கூடாது என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். என் வாழ்க்கையில் எந்தப் பக்கமும் பேச முடியாமல் நின்ற முதல் வாதம் அது. கடைசியில் சடையன் ஏர்க்காலைத் தட்டினார்.

"பஸ்ஸு வந்தா அது திரும்பிக்கும், வராட்டி நாங்க இன்னாத்த துன்றது? ஆடி முடியற வரிக்கும் பாப்பேன். அதுக்கப்பறம் இவ நடுவுல வந்து படுத்தாலும் ஏர ஓட்டிடுவேன்."

செத்தவர் கொடுத்த மறுப்பு

ஆடி பாதி போயிருந்தது. தர்மலிங்கம் வீட்டுக்கு மறுப்பு எழுதி வாங்கப் போனேன். மருமகன்கள் எல்லாம் வந்துபோய்விட்டார்கள். மனுஷன் கொஞ்சம் வாடித்தான் இருந்தார். காரில் வந்தவர்கள் துக்கம் விசாரித்ததைவிடப் பாகம் விசாரித்தது ஜாஸ்தி என்றார். பிறகு அவராகவே மலைக்காரர்கள் பேச்சை எடுத்தார். பத்திரிகை மலைக்குப் போய்ச் சேர்வதே தாமதம், அதற்கும் மேல் பாவம் நடந்தே வந்தார்கள், ஏன் பஸ்ஸில் வரவில்லை என்று கேட்டார். நான் இதற்காகவே காத்திருந்தேன். நிறுத்தமில்லாத இடத்தில் உங்களுக்கு நிற்கிற பஸ், அவர்கள் ஊருக்கு வருவதே இல்லை ஐயா என்று ஆரம்பித்து, கொல்லை, தடம், ஏர், ஆடி வரை சொன்னேன். நான் மூச்சு வாங்கக் காத்திருந்தவர், மறுப்பு என்னுடையதுதானே, அதில் என்ன வரவேண்டும் என்பதை நான்தானே சொல்ல வேண்டும் என்றார்.

அப்படி வந்ததுதான் அந்த மறுப்பு. தர்மலிங்கம் உயிரோடு இருக்கிறார் என்பது முதல் வரி. அவர் இறந்ததாக நம்பி நடந்தே வந்தவர்கள் யார், ஏன் நடந்தார்கள், பஸ்ஸுக்காக ஒரு கொல்லை எப்படிக் காத்துக் கிடக்கிறது, யாருடைய கொல்லை என்பதெல்லாம் மிச்ச வரிகள். தலைப்பு: 'பேருந்து ஓடவில்லை'. ஆசிரியர் இரண்டு முறை படித்தார். 'மறக்க முடியாத மனிதர்' இல்லையே, மறுப்புத்தானே சார் என்று நினைவூட்டினேன். அவருக்கு மறுக்க வழியில்லை. எழுதினது நீளம், ஈய எழுத்து போதவில்லை. ஜெயராமன் அண்ணன் அந்தத் தட்டை வெளியே இழுத்து, நூலை அவிழ்த்து, எளிய குடும்பத்தைக் கலைத்து அந்த எழுத்தை எடுத்துக் கோர்த்தார். 

வியாழக்கிழமை முதல் பிரதி ஈரமாக இருக்கும்போதே தர்மலிங்கம் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனார். நாளைக்கு இது எல்லா ஊருக்கும் போகும், அதற்குள் என்ன செய்யலாம் என்று பார்க்க வந்தேன் என்றார். மேலாளர் நல்ல மனிதர்தான். அந்த வழியை யாரும் நிறுத்தவில்லை, கல் விழுந்த பயத்தில் டிரைவர்கள் போக மறுத்தார்கள், அப்புறம் அந்த வண்டியை வேறு வழிக்கு மாற்றினோம், அப்படியே மறந்துபோயிற்று என்று ஒப்புக்கொண்டார். நாளைக்கு வண்டி தரலாம், ஆனால் பெரிய மனிதர் யாராவது முன்னால் உட்கார்ந்து போனால்தான் டிரைவருக்குத் தைரியம் வரும் என்றார். தர்மலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் முன்சீட்டுல ஒக்காந்துகினு வரேன். ஒரு தடவ செத்தவன், எனக்கின்னா பயம்?"

முதல் வண்டி

வெள்ளிக்கிழமை காலை பஸ் புறப்பட்டது. முன்சீட்டில் தர்மலிங்கம். பக்கத்தில் ஆசிரியர். தன் இலக்கணத்துக்கு ஆபத்து என்று மோப்பம் பிடித்தாரோ என்னவோ, தானும் வருகிறேன் என்று ஏறிவிட்டார். பின்னால் நானும், மலைக்கான பத்திரிகைக் கட்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டே வந்தேன். கல்லைப் பற்றிய பயம் இல்லை. அந்த வாரம் மலையில் நல்ல மழை. மழை பெய்த ஈரத்தில் ஏரைச் சும்மா வைத்திருக்க எந்த விவசாயிக்கும் கை வராது. நானும் விவசாயி வீட்டுப் பெண்தான். சடையன் ஆடி முடியக் காத்திருப்பார் என்பதை மழைக்கு யார் சொல்வது?

ஊருக்கு முன்னால் ஒரு திருப்பம். நிறுத்தம் கிடையாது, வீடு கிடையாது, ஒரு புளியமரம்கூடக் கிடையாது. ஹாரன் சத்தம் கேட்டு அங்கே ஓடிவந்து வெள்ளையம்மா நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டவில்லை. சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் இந்த வழிக்குப் புதுசு. வெள்ளையம்மாவைப் பார்த்ததும் பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டி, எங்கம்மா திருப்பறது என்று கேட்டார். அவர் வண்டியில் ஏறவில்லை. முன்னால் நடந்தார். பஸ் அவர் பின்னாலேயே மெல்ல ஊர்ந்து போனது.

கொல்லையைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். நாலு மூலையிலும் விதைத்திருந்தார் சடையன். வட்டத்துக்கு நடுவிலும் ஒரு திட்டு விதைத்திருந்தார். சக்கரம் போகிற தடத்தை மட்டும் ஏர் தொடவில்லை. வெள்ளையம்மா நடந்த வழியிலேயே பஸ் சுற்றித் திரும்பி, ஒரு முளைகூட நசுங்காமல் முகத்தைக் கீழ்நோக்கி வைத்து நின்றது. விடுதிக்குப் போக வேண்டிய அந்த இரண்டு பெண்களும் வண்டி நிற்கும் முன்பே தகரப் பெட்டியோடு படியருகில் வந்துவிட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, பஸ்ஸின் மேலேயே சாய்ந்துகொண்டு, 'பேருந்து ஓடவில்லை' என்று உரக்கப் படிக்க, கொல்லை முழுக்கச் சிரிப்பு.

ஆசிரியர் சிரிக்கவில்லை. படியில் நின்றபடி அந்தத் திருப்பத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். நிறுத்தம் இல்லாத இடம், கை காட்டவில்லை, நின்றது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வெள்ளையம்மாவிடம் போய், அடுத்த வாரம் 'மறக்க முடியாத மனிதர்' நீங்கள்தான், ஒரு நல்ல படம் வேண்டும், மாலை போட்டு எடுத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார். வெள்ளையம்மா முன்சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த தர்மலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"போட்டா வேணா எடுத்துக்கங்க. மாலை மட்டும் வாணாம் சாமி, நீங்க மாலை போட்டவருக்கு இன்னா ஆச்சுன்னு நான் நடந்தே வந்து பாத்துட்டேன்."

பல்கலைக்கழகம் திறந்து நான் பெட்டியைக் கட்டும் வரையில் எங்கள் பத்திரிகை எத்தனையோ மறுப்புப் போட்டது, ஆனால் பேருந்து ஓடவில்லை என்ற அந்தச் செய்தி பொய் என்று ஒரு ஊரே கண்ணால் பார்த்தும் அதற்கு மறுப்புக் கேட்டு இன்றுவரை ஒருவரும் வரவில்லை.